முதல் பெட்டி பாதி விலை

போன மாதம் எங்கள் மருந்து வணிகர் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, மேடையில் இருந்த என்னிடம் கேட்டாள். பார்மஸி முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

"மேடம், கடைக்கு வாரவங்க போனை முகத்துக்கு நேரா நீட்டுறாங்க. ஒடம்பு எளைக்கிற மருந்து இந்த ஆப்ல இம்புட்டு, அந்த வெப்சைட்ல அம்புட்டு, ஒங்க கடையில எம்புட்டுன்னு கேக்காங்க. மொத மாசம் பாதி வெலையாம், அதையும் காட்டுறாங்க. பாத்தாலே எரிச்சலா வருது. அவங்களுக்கு என்னதான் சொல்றது?"

கூட்டம் சிரித்தது. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டதால் நானும் சிரித்து, ஏதோ ஒற்றை வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்கும், அவளைப் போலப் புதிதாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எரிச்சலை விடுங்கள். விலை விசாரிப்பது குற்றமா? சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர் கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறார். மருந்துக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால் அது நம்முடைய கொழுப்பு. இன்னொன்று, இதெல்லாம் உங்கள் காலத்தில்தான் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதே கேள்வியை, இதே மருந்துக்கு, என்னிடம் எண்பதுகளிலேயே கேட்டாயிற்று. அப்போது போன் இல்லை. சட்டைப் பையிலிருந்து பத்திரிகையில் கத்தரித்த விளம்பரத்தை எடுத்து நீட்டுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்பதுகளின் பிற்பாதி அது. இராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறி வருவேன், சாயங்காலம் பஸ் ஏறிப் போவேன். என் சான்றிதழில் மருந்தாளுநர் என்று போட்டிருந்தது. ஊர் எனக்கு வைத்த பெயர் கம்பவுண்டரம்மா. ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்தினேன். திருத்திவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் மறுபடி கம்பவுண்டரம்மாதான். ஒரு கட்டத்தில் எனக்கே அலுத்துவிட்டது.

அந்த நாளில் வாரப் பத்திரிகைகளில் இளைக்கிற மருந்து விளம்பரம் தவறாமல் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு படம் போட்டிருப்பார்கள். ஒன்றில் அண்டா மாதிரி இருப்பார், அடுத்ததில் இடுப்பில் கை வைத்துச் சிரிப்பார். ஒரு தபால் அட்டை போட்டால் போதும். மருந்து வி.பி.பி. பார்சலில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பார்சல் வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தன் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே மேற்பார்வை என்று எங்கள் கடை விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். கடை முதலாளி கல்லாவிலிருந்து பணத்தைக் கட்டிப் பார்சலை எடுத்து வைப்பார். உரியவர் வந்து பணம் கொடுத்து வாங்கிப் போவார். வருகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார், ஒரு சோப்பாவது வாங்குவார் என்பது முதலாளியின் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது.

இப்போது வேலுச்சாமி அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தினமும் வருகிற தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வழக்கமாக ஏறுகிறவர்கள் ஸ்டாப்பில் இல்லையென்றால் தெரு முனை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் பிரேக் போட்டால் மடியில் இருக்கிற டிபன் பாக்ஸ் நகராது. அவ்வளவு பக்குவம்.

ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டுக் காகிதங்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். மூன்றும் இளைக்கிற மருந்து விளம்பரங்கள். ஒரு கம்பெனி டெல்லியில், ஒன்று பம்பாயில், ஒன்று கல்கத்தாவில்.

"தாயி, இதுல எது மலிவுன்னு பாத்துச் சொல்லு."

"என்ன அண்ணாச்சி திடீர்னு?"

"ஓனர் கரூர்ல பாடி கட்டிப் புது வண்டி கொண்டாந்துருக்காருல்ல. அதுல என்னைய ஒக்காரச் சொன்னாரு. ஒக்காந்தா வயிறு ஸ்டீயரிங்குல இடிக்கி. திருப்பவே முடியல. ஆடிப்பூரத் தேருக்குத்தான் மொத டிரிப்பு, அதுக்குள்ள வயித்த எறக்கு, இல்லாட்டி வேற ஆளப் போட்டுட்டு ஒன்னய ஷெட்டுல வண்டி கழுவ விட்டுருவேன்ட்டாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணில் சிரிப்பு இல்லை. "இருவது வருசமா ஸ்டீயரிங் பிடிச்ச கை தாயி. ஹோஸ் பைப்பப் பிடிக்கவா சொல்லுத?"

நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். விலையை ஒப்பிடுவது எனக்குப் பிடித்த வேலை. டெல்லிக்காரன் விலையைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத் தபால் செலவை எறும்பு எழுத்தில் போட்டிருந்தான். கல்கத்தாக்காரனின் பெட்டி மலிவு, ஆனால் பத்து நாளைக்குத்தான் வரும். பம்பாய்க்காரன் ஆலோசனை இலவசம் என்று தாராளமாக எழுதி, மூன்று மாதத்துக்கு வாங்கினால்தான் பலன் என்று ஓரத்தில் சொல்லியிருந்தான். முதல் பெட்டி பாதி விலை என்பது மட்டும் மூவரிடமும் ஒன்றாக இருந்தது. எல்லாவற்றையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவந்து பார்த்தால், மலிவு என்று தெரிந்த கல்கத்தாதான் எல்லாவற்றையும்விட அதிகம். கூட என்று தெரிந்த பம்பாய் குறைவு.

அண்ணாச்சி வாயைப் பிளந்தார். "அடேயப்பா, அம்புட்டு வித்தியாசமா?"

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. மூணுலயும் உள்ள என்ன மருந்துன்னு போடல, பாத்தீகளா?"

"மூலிகைன்னு போட்டுருக்கானே."

"எந்த மூலிகை? பேரில்லையே. பேரு தெரியாத சாமானுக்கு நான் வெல பாத்துச் சொல்லி என்ன பிரயோசனம்? இத விட்டுட்டு டாக்டரைப் பாருங்க. ஒடம்பு ஏன் கூடுச்சுன்னு அவரு பாத்துச் சொல்லுவாரு."

"டாக்டர்கிட்டப் போனா லைசென்ஸ் சர்டிபிகேட்டுல ஏதாச்சும் எழுதிருவாரு. பொறவு உள்ளதும் போயிரும்." அப்புறம், "சரி தாயி, நீ சொன்னா சரிதான்" என்று மூன்றையும் ஒழுங்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வேலை முடிந்தது என்று நானும் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அண்ணாச்சி இளைத்தார். கண்கூடாக இளைத்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டிய" என்று கிண்டல் செய்தார்கள். நானும் கேட்டேன். "ராத்திரிச் சோத்த விட்டுட்டேன் தாயி" என்றார். நம்பினேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒன்றிரண்டு விஷயம் கண்ணில் படத்தான் செய்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூஜாவைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். பாதி வழியில் ஒரு லாரி குறுக்கே வந்தபோது அவர் போட்ட பிரேக்கில் என் டிபன் பாக்ஸ் மடியிலிருந்து கீழே விழுந்தது. லாரிக்காரனைத்தான் எல்லோரும் திட்டினோம்.

தேர் அன்றைக்குக் காலையில் கடையில் கூட்டமில்லை. ஊரே ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எதிரே பஸ் ஸ்டாண்டில் புது வண்டி மாலை போட்டு நின்றது. சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உள்ளே உட்கார இடமில்லாமல் கூரையிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். டிரைவர் சீட்டில் வேலுச்சாமி அண்ணாச்சி. ஓனர் சொன்னபடி செய்துவிட்டார், அவருக்கே வண்டியைக் கொடுத்துவிட்டார். நான் கவுண்டரில் இருந்தே கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

அப்போது அந்த வண்டியின் கண்டக்டர் பெருமாள் கடைக்குள் வந்தார். முந்தின நாள் தபாலில் அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. கல்கத்தாப் பார்சல், துணி சுற்றித் தைத்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"காத்தடிச்சாப் பறந்துருவிய பெருமாளு. ஒங்களுக்கு எதுக்கு எளைக்கிற மருந்து?"

"எனக்கு இல்லக்கா, அண்ணனுக்கு." பெருமாளுக்கு ஒரே பெருமை. "மொதப் பெட்டிதான பாதி வெல? ரெண்டாவது பெட்டி முழு வெலயாம். அதான் அவரு பேர்ல ஒருக்க, எம்பேர்ல ஒருக்க, தேவதானத்து மச்சினன் பேர்ல ஒருக்கன்னு மாத்தி மாத்திப் போடுதோம். எந்தக் கம்பெனிக்காரனுக்கும் நாங்க இன்னும் ரெண்டாவது பெட்டிக்கே வரல. இதுவரைக்கும் எல்லாம் மச்சினன் விலாசத்துக்குத்தான் வந்துச்சு, ஒங்க கடைக்கு இதான் மொதத் தடவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூளையை என்ன சொல்வது! சிரித்துக்கொண்டே, "அப்ப மூணு கம்பெனி மருந்தும் வீட்ல இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. காலையில டெல்லி, மத்தியானம் பம்பாய், ராத்திரி கல்கத்தா. ஒண்ண மட்டும் தின்னா மெதுவாத்தான் எளைக்குமாம். மூணையும் சேத்தா வெரசா எறங்கும்னு அண்ணன் சொன்னாரு. எறங்கிருச்சுல்ல?"

என் சிரிப்பு போய்விட்டது. "இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. தூக்கந்தான் இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்காரு. காலையில காலு ரெண்டும் துணி மாதிரி இருக்குன்னாரு. இந்த டிரிப்ப முடிச்சுட்டு ஒறங்கி எந்திரிச்சா சரியாயிரும்." அவர் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசில் ஊதாத குறையாகப் போனார்.

நான் கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்து எங்கே என்று கேட்டார். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது. "ஓனர் வீட்டு மருந்து பூரா நம்ம கடையிலதாம்மா. பாத்துப் பேசு" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை உண்டு.

பிள்ளைகளே, அந்தச் சாலையைக் கடக்கிற நேரம்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. எனக்கு என்ன தெரியும்? அந்த மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் டாக்டர் இல்லை. ஒரு கண்டக்டர் போகிற போக்கில் சொன்னதை வைத்துக்கொண்டு போகிறேன். நேராக ஓனரிடம் போய்ச் சொன்னால் வண்டி நின்றுவிடும், சந்தேகமில்லை. ஆனால் திருட்டுத்தனமாக மருந்து தின்று சீட்டைப் பிடித்தவன் என்று அந்த மனுஷன் பேர் அந்த இடத்திலேயே போய்விடும். என் கணிப்பு தப்பாக இருந்தால் இருபது வருடப் பிழைப்பைக் கெடுத்த பாவம் எனக்கு. சொல்லாமல் இருந்தால்? கூரையில் ஆட்கள், உள்ளே குழந்தைகள், சாலை நெடுக நடந்தே தேருக்குப் போகிற ஜனம். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இது அவர் உடம்பு, அவர் விஷயம். முதல் வார்த்தையை அவரிடம்தான் பேச வேண்டும். அவர் கேட்கவில்லையென்றால் ஓனரிடம் போவேன், அதிலும் மாற்றமில்லை.

டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றேன். "வா தாயி, ஏறு" என்றார். காலை வெயிலுக்கே நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், முதல் சீட்டில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் புது வண்டி எடுப்பதைப் பார்க்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜன்னலில் இருந்த அண்ணாச்சியின் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி ஓடியது. ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"அண்ணாச்சி, மூணு கம்பெனி மருந்தையும் நீங்க சாப்பிடுறது எனக்குத் தெரியும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. குரலை இறக்கி, "இன்னைக்கு ஒரு நாளு மட்டும் விட்டுரு தாயி. இன்னைக்கு எறங்குனேன்னா பொறவு இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன்" என்றார். கெஞ்சினார். அவ்வளவு பெரிய மனுஷன் கெஞ்சியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வாதாடினால் நான் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. மருந்தைப் பற்றி என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு.

"நான் எறங்கச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு செய்யிங்க. கிளச்ச முழுசா மிதிச்சு அப்படியே பிடிங்க. நான் போதும்ங்கற வரைக்கும் விடாதீங்க."

"இதென்ன கூத்து" என்று சிரித்தபடி மிதித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. தொடை நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்தார். முழங்கால் ஸ்டீயரிங் தண்டில் மோதியது. பெடல் டொக்கென்று மேலே வந்தது. கால் நழுவிவிட்டது. மறுபடி மிதித்தார். இந்தத் தடவை கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதித்தார். மறுபடியும் நழுவியது. பின்னாலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி தன் காலையே பார்த்தார். பிறகு தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வண்டி நிறைய ஆட்கள், ஒரே சத்தம், யாரோ குலவை போட்டார்கள். கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாந்தி பேதி, வண்டி எடுக்க முடியாது என்று சொல்லிவிடலாம், வாந்தி பேதிக்கு யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். வண்டியைப் பிடித்தபடியே முன்பக்கம் நடந்து போய், தேங்காய் உடைக்கத் தயாராக நின்ற ஓனரிடம் சொன்னார்.

"மொதலாளி, எனக்குக் கால்ல வலு இல்ல. கண்ட மாத்திரையத் தின்னுட்டேன். இம்புட்டுப் பேர வச்சு நான் ஓட்ட மாட்டேன். வேற ஆளப் போடுங்க."

ஓனருக்கு வந்ததே கோபம். "ஏலே, மாலையப் போட்டு நிக்கவச்சிட்டு இப்ப வந்து சொல்லுதியே! நல்ல நேரம் போகுதுலே!" என்று கத்தினார். என்னைப் பார்த்து, "மருந்துக்கடைக்காரிக்கு என் வண்டியில என்ன சோலி?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஷெட்டிலிருந்து வேறு டிரைவரை வரவழைத்தார்கள். வண்டி தாமதமாகக் கிளம்பியது. அது திரும்பி மறைகிற வரை அண்ணாச்சி நின்று பார்த்தார். அதற்கப்புறம்தான் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வண்டியிலிருந்து இறங்கி வந்த அவர் மனைவியும் அழுதார். நானும்தான்.

அங்கிருந்தே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் இருக்கிற எல்லாப் பெட்டியையும், காலிப் பெட்டி உட்பட, எடுத்து வரச் சொல்லி அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். இதை மட்டும் எந்த நெருக்கடியிலும் மறக்காதீர்கள். என்ன தின்றார் என்று தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்? டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தார். எதிலும் பெயர் இல்லை, நிறம்தான் இருந்தது. நோயாளி சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒன்று சிறுநீரை அதிகம் போக வைப்பது, ஒன்று பேதிக்குக் கொடுப்பது, ஒன்று நெஞ்சை ஓட வைப்பது என்று ஊகித்தார். ஒவ்வொன்றும் தனியாகவே கெடுதல், மூன்றும் சேர்ந்ததில் உடம்பின் உப்புச் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. கால் அதனால்தான் நிற்கவில்லை. அடுத்தது நெஞ்சு நின்றிருக்கும் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "எறங்குனது கொழுப்பு இல்லம்மா, தண்ணிதான்" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று வார்டிலேயே தெரிந்தது. பாட்டில் ஏற்ற ஏற்ற அண்ணாச்சியின் தொப்பை பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ரத்தத்தில் சர்க்கரை இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மருந்து எழுதினார்கள், பெயர் உள்ள மருந்து. நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்: "டெல்லியில கேட்டாவ, பம்பாயில கேட்டாவ, கல்கத்தாவுல கேட்டாவ. வீட்ல இருக்கவகிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு." அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை ஓனர் ஷெட்டுக்குத்தான் அனுப்பினார். நான் காலையில் வருகிற வண்டியில் வேறு டிரைவர். சாயங்காலம் ஷெட்டைத் தாண்டிப் போகும்போது அண்ணாச்சி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் புது வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அந்த இடம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

கூட்டத்தில் கேட்ட பெண்ணுக்கு இந்த இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். விலை கேட்டால் உட்கார்ந்து ஒப்பிட்டுக் கொடு. முதல் மாத விலையை மட்டும் பார்க்காதே, அடுத்தடுத்த மாதம் எவ்வளவு, அனுப்பும் செலவு எவ்வளவு, டாக்டரைப் பார்க்கத் தனிக் கட்டணமா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார். உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைக் கேள். எழுதிக் கொடுத்த டாக்டர் அவரை உண்மையில் பார்த்தாரா என்று கேள். பாதி விலைக்காக மாதத்துக்கு ஒரு இடமாக மாறுகிறாரா என்பதைச் சிரித்த முகத்தோடு விசாரி, முறைத்தால் சொல்ல மாட்டார். இப்போதைய மருந்துகள் அந்தக் காலத்துப் பேரில்லாப் பெட்டிகள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மனுஷர்கள் மாறவில்லை.

ஆனால் யோசித்துப் பார். இதில் பாதியை நான் அண்ணாச்சியிடம் அன்றைக்கே சொன்னேன். என் பதிலில் தப்பு இல்லை. தப்பில்லாத அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு போய்த்தான் அவர் மூன்றையும் தின்றார். ஏன் என்பது எனக்கு வேறொரு நாளில்தான் விளங்கியது.

கொஞ்ச நாள் கழித்துப் பஸ் ஓனரே கடைக்கு வந்தார். வழக்கமாக வேலையாளைத்தான் அனுப்புவார். முதலாளி எழுந்து நின்றார். அவர் தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகவில்லை.

"அன்னைக்கு நீ வராம இருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"தெரியாதுங்க. ஒருவேள ஒண்ணுமே ஆயிருக்காது."

அப்படிச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சீட்டப் பின்னால தள்ளச் சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"டிரைவர் சீட்டத்தான். பின்னாடி இருக்க ரெண்டு டிக்கெட் சீட்டு போயிரும். அது போகக்கூடாதுன்னுதான் கரூர்க்காரங்கிட்டச் சொல்லி முன்னால தள்ளிப் போடச் சொன்னேன். போனாப் போகுது. கால்ல வலு இல்லன்னு தானா எறங்குத டிரைவர நான் இன்னொருக்க எங்கன போயித் தேடுவேன்?"

"சீட்டத் தள்ள முடியுமாங்க?" என்று கேட்டேன்.

"நாலு போல்ட்டும்மா. பட்டறையில ஒரு காலையில முடிஞ்சிரும்" என்றார்.

வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கிறது என்று அண்ணாச்சி என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் மூன்று ஊர் விலையை எடுத்துப் போட்டு ஒப்பிட்டேன். எதற்காக இளைக்க வேண்டும் என்பதற்குள் நான் போகவே இல்லை. அதைக் கேட்ட பிறகு விலைக்குப் போயிருந்தால் ஒருவேளை நானாவது ஓனரிடம் போய்ச் சீட்டைத் தள்ள முடியுமா என்று கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு என்னிடம் யார் எந்த மருந்துக்கு விலை கேட்டாலும் முதலில் எதற்கு என்றுதான் கேட்டேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் புது வண்டி வந்து நின்றது. டிரைவருக்குப் பின்னால் இருந்த இரண்டு சீட்டும் இல்லை, அந்த இடத்தில் யாரோ பால்கோவா டின்களை அடுக்கியிருந்தார்கள். வேலுச்சாமி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவர் தொப்பைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது.